எட்டு நொடி நின்ற மேஜை விரிப்பு

அந்த ஓட்டலின் லாண்ட்ரியில் ஒரு நாள் காலை ஓர் ஏப்ரன் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பின்னால் ஆணி இல்லை, மேலே கயிறு இல்லை. மேற்பார்வையாளரின் அறை வாசலில், இரண்டு நாடாவும் இடுப்பில் கை வைத்த மாதிரி வளைந்திருக்க, தலை மட்டும் இல்லாத பெண் போல விறைத்து நின்றது. மேற்பார்வையாளருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் ஆளும் ஒன்றுதான், அலமாரியும் ஒன்றுதான். வந்தவர் அதைப் பார்த்து, "வேலை நேரத்துல இங்க என்னம்மா நிக்கற? போ, உன் மேஜைக்குப் போ" என்று அதட்டினார். ஏப்ரன் அசையவில்லை. "சொல்றது காதுல விழுதா இல்லையா?" என்று இன்னும் ஒரு படி குரலை உயர்த்தினார். மூட்டை மூட்டையாகக் கிடந்த படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஆறு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

ஏழாவது பெண் சிரிக்கவில்லை. அவள்தான் அதற்குக் கஞ்சி போட்டவள். அது இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் நின்றது.

அவளை மடிப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வயதில் அந்த லாண்ட்ரிக்குள் நுழைந்தவள், முதல் இரண்டு வருஷம் சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைத் தள்ளும் வேலை பார்த்தாள். பிறகு இஸ்திரி மேஜைக்கு வந்தாள். அங்கே வந்த மூன்றாவது வாரமே, அவள் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் பழம் நறுக்கலாம் என்று பேர் வாங்கிவிட்டாள். மற்றவர்கள் துணியைத் தேய்ப்பார்கள். அவள் துணியோடு வாக்குவாதம் செய்வாள். "இந்தப் பக்கம் வர மாட்டியா? வர மாட்டியா நீ? பாரு, வந்துட்ட" என்று முணுமுணுத்துக்கொண்டே, இடது உள்ளங்கையால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு. சுருக்கம் எங்கே கண்ணில் பட்டாலும் அந்தக் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலர் மடங்கியிருந்தால்கூட, அவரைக் கேட்காமலே சரி செய்துவிடும். அதனால் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறாள், ஒரு முறை நன்றி.

ஏப்ரன் நின்ற அதே காலையில்தான், ஓட்டலின் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க ஒருத்தி வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். வேலை செய்யும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டே பேசுவாள். ஓவியம் வரைவாள், ஒலிகளைச் சேகரித்து அறை முழுக்கக் கேட்க வைப்பாள், சின்னச் சின்னப் படங்கள் எடுத்துச் சுவரில் ஓட்டுவாள். இவையெல்லாம் அப்போது லாண்ட்ரியில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அவள் வெறும் 'படக்காரி'. நீச்சல்குளத்துக்குப் போகிற வழியில் தவறிப்போய் லாண்ட்ரிக்குள் நுழைந்தவள், ஏப்ரன் முன்னால் நின்று, மூடியிருந்த கண்ணையும் திறந்தாள்.

"இதை யார் பண்ணினது?"

ஆறு விரல்கள் ஒரே திசையில் நீண்டன. புகார்தான் வருகிறது என்று நினைத்த மடிப்பக்கா, "நான்தான். துணிக்கு ஒண்ணும் ஆகல. ஒரு தடவை அலசினா பழையபடி ஆயிடும்" என்றாள்.

"அலசிடாதீங்க" என்றாள் படக்காரி. குரலில் கெஞ்சல் இருந்தது. "அக்கா, இது மாதிரி ஒரு சட்டை நிக்குமா?"

"நிக்கும்."

"கோட்டு?"

"கோட்டு ஏற்கெனவே பாதி நிக்கும். அதுக்கு என்ன."

"ஏழு சட்டை, பஸ் ஸ்டாப்புல, வரிசையா?"

மடிப்பக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த பஸ்ஸுக்கு?" என்று கேட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் ஒரு வருஷம் வார விடுமுறையில் மட்டும் படக்காரியின் இடத்துக்குப் போய்வந்தாள். பழைய அச்சகம் ஒன்றின் மேல்மாடி அது. மேற்குப் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள், நடுவில் மரப்பெட்டி போன்ற ஒரு பழைய கேமரா, மூலையில் அடுப்பு. ஏழு சட்டைகள் பேருந்துக்குக் காத்து நின்ற படம் முதலில் வந்தது. கடைசிச் சட்டை கைக்கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பது போல மணிக்கட்டைத் தூக்கியிருந்தது. ஒரு தெருநாய் அவற்றைப் பார்த்து ஓயாமல் குரைத்து, தானாகவே படத்துக்குள் வந்து சேர்ந்தது. அடுத்து, திறந்த அடுப்பிலிருந்து முப்பது நாப்கின்கள் பறவைக் கூட்டமாக வெளியேறும் படம். அதன் பிறகு, மாடிப்படியில் தானே ஏறிப்போகும் கவுன். அதன் ஓரத்தை ஒரு கையில்லாத கையுறை தூக்கிப் பிடித்திருக்கும். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தி இன்னொரு முறை பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் படக்காரி உயிரை விடுவாள்.

அவளுக்கு ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பது அத்தனையும் அந்த இடத்தில், அந்த நேரத்தில், கேமராவுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். எடுத்த பிறகு ஒரு புள்ளி சேர்க்கக் கூடாது, ஒரு புள்ளி எடுக்கக் கூடாது. மடிப்பக்கா அதோடு தன் விதி ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். கம்பி கூடாது, குண்டூசி கூடாது, தூண்டில் நரம்பு கட்டித் தொங்கவிடக் கூடாது. துணி தன் காலில் தான் நிற்க வேண்டும்.

"ஒரு மெல்லிசுக் கம்பி வெச்சா யாருக்கு அக்கா தெரியப்போகுது?" என்று படக்காரியே ஒருமுறை கேட்டாள்.

"எனக்குத் தெரியும்ல" என்றாள் மடிப்பக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஓட்டல் வேலையை விடப்போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனது கீழே வரும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நிச்சயமாக நம்பாதவர். அவர் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்: "முப்பது வருஷத்துக்கு மேல சுருக்கத்தை எடுத்த. இப்ப ஊருக்கெல்லாம் சுருக்கம் போடப்போறியா?"

"ஆமா."

"ஐம்பத்துநாலு வயசுல?"

"முகத்துல தானா விழறப்போ துணியில நான் போடக் கூடாதா?"

அவர் யோசித்தார். கவளத்தை வாயில் போட்டார். "லிஃப்ட்டு நின்னாத்தான் எனக்கு வேலை. துணி நின்னாத்தான் உனக்கு வேலை. சரி, ரெண்டு பேரும் நின்னே பொழைப்போம்" என்றார். அவர் அகராதியில் அதற்குப் பெயர் சம்மதம்.

இரண்டு வருஷம் நன்றாகவே போனது. பிறகு சால்வைக்காரர் வந்தார்.

அவர் ஒரு பெரிய காட்சிக்கூடத்தில் பொறுப்பான ஆள். கோடையிலும் கழுத்தில் சால்வை. கெட்டவர் இல்லை, படக்காரியின் படங்கள் அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தன. அதுதான் வம்பு. நிறைய வேண்டும் என்றார், சீக்கிரம் வேண்டும் என்றார். காட்சிக்கூடத்தில் ஒரு முழுச் சுவரையும் தருகிறேன் என்றார். ஒவ்வொரு முறை மாடிக்கு வரும்போதும், காய்ந்துகொண்டிருக்கும் துணிகளைச் சுற்றிவந்து, "இதுக்கு நாலு நாளா? கம்ப்யூட்டர்ல ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடுமேம்மா" என்பார். படக்காரி முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு சிரிக்காமல் மழுப்பினாள். கடைசியில் ஒரு நாள், மடிப்பக்கா கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அக்கா, அந்தச் சுவருக்கு மேஜைப் படத்தைத்தான் நினைச்சிருக்கேன். அது நினைச்ச மாதிரி வந்துட்டா, எத்தனை நாள் ஆனாலும் நம்ம வழியிலதான் எப்பவும். வரலேன்னா... அடுத்ததை நான் கம்ப்யூட்டர்ல பண்ணிப் பார்க்கறேன். என்னால ரெண்டு பக்கமும் இழுபட முடியல."

மடிப்பக்கா கரண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கஞ்சி கட்டி தட்டிவிடும். ஆனால் விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. விட்டுவந்த ஓட்டல் மேஜையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். திரும்பிப் போக முடியாது என்பதுகூடப் பெரிதில்லை, போகப் பிடிக்காது. இந்தப் படம் வந்தால் அவளுக்கு வேலை இருக்கும். வராவிட்டால், இந்தக் கைக்கு வாழ்நாளில் கிடைத்த மிக நல்ல வேலை முடிந்துபோகும்.

"வரும்" என்றாள். "நீ பால்பாக்கெட்டை வெயில்ல வெச்சிருக்க பாரு, அதை முதல்ல உள்ள எடு."

மேஜைப் படம் இதுதான். ஓர் அறை. சாதாரணச் சாப்பாட்டு மேஜை. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலத்து டீயை நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதிர்ப்புறத்தில் மேஜை விரிப்பு கடல் அலையாக எழுந்து, அவள் தலைக்கு மேல் வந்து வளைந்து, இதோ விழப்போகிறது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவே. படத்துக்குப் படக்காரி வைத்த பெயர் 'நாலு மணி'.

அதுவரை மடிப்பக்கா நிற்க வைத்தவற்றிலேயே பெரியது அது. முரட்டுப் பருத்தியில் இரண்டு விரிப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, கூழ் மாதிரிக் கெட்டியான கஞ்சியில் முக்கி எடுத்தாள். மேஜை மேல் நாற்காலி, நாற்காலி மேல் வாளி, வாளி மேல் தலையணை என்று அடுக்கி, அதன் மேல் ஈர விரிப்பைப் போர்த்தி, நுரை தெறிக்கிற விளிம்பை விரல் விரலாக இழுத்துவிட்டாள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அது காய்ந்ததும் மூன்றாவது. நாலாவது நாள் காலையில் தலையணையை உருவினாள், வாளியை உருவினாள், நாற்காலியை மெல்ல நகர்த்தினாள். அலை அப்படியே நின்றது. படக்காரி தரையில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சித்தியை ஃபோனில் கூப்பிட்டாள்.

சித்தி என்றால் படக்காரியின் சொந்தச் சித்தி. ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்துக்கும் அசராத முகம். அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் முகம் அசையாதே தவிர, வாய் நிற்காது. அந்தப் பழைய கேமராவுக்கு எட்டு நொடி வேண்டும். எட்டு நொடிக்கு உதடுகூட அசையக் கூடாது.

"எட்டு நொடியா? அதுக்குள்ள நான் நாலு பேருக்கு டிக்கெட் குடுத்து, ஒருத்தனைத் திட்டியும் முடிச்சிருப்பேனே" என்றார் சித்தி.

"இன்னிக்கு யாருக்கும் டிக்கெட் வேண்டாம் சித்தி. வாயை மூடு" என்றாள் படக்காரி.

சால்வைக்காரரும் வந்து சுவரோரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் மெல்ல மேற்கே சாய்ந்து, முதல் ஜன்னல் வழியாக வந்து அலையின் வளைவில் படிந்தது. அந்த வெளிச்சம்தான் படக்காரிக்கு வேண்டியிருந்தது. அது இரண்டாவது ஜன்னலுக்கு நகர்ந்து மறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அவள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்தாள். கேமராவின் பின்னாலுள்ள கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். "அலை அருமை, சித்தி அருமை, கோப்பையைக் கொஞ்சம் தாழ்த்து... ம்... அக்கா, கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மடிப்பக்கா பார்த்தாள். விளிம்பு சரி. வளைவு சரி. அலை மேஜையிலிருந்து எழும் அடிப்பகுதியில், இரண்டு விரல் நீளத்துக்கு, ஒரு சின்னச் சுருக்கம்.

அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டாள். இடது கை தானாகப் போனது. உள்ளங்கையால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு.

'டக்.'

உலர்ந்த குச்சி முறிகிற சத்தம். அடியிலிருந்து பாதி உயரம் வரை அலையில் ஒரு கோடு ஓடியது. மேல் வளைவு தயங்கி, ஒரு சாண் தாழ்ந்து, சித்தியின் தலைக்கு நேராகச் சாய்ந்தது.

"ஐயையோ, நான் மூச்சு விட்டுட்டேன்!" என்று அலறினார் சித்தி. "மூச்சு விடக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே!"

"நீங்க இல்ல சித்தி" என்றாள் மடிப்பக்கா. கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கவில்லை. முன்னால் நீட்டியே சொன்னாள். "நான்தான். சுருக்கத்தைப் பார்த்தேன், எடுத்துட்டேன்."

கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு படக்காரி வெளியே வந்தாள். நாலு நாள் முழுக்க உழைத்து உண்டாக்கிய சுருக்கத்தை, உண்டாக்கினவளே தட்டி எடுத்துவிட்டாள் என்பது அவள் மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் ஆனது. போய்ச் சேர்ந்ததும், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்தாள்.

சால்வைக்காரர் எழுந்துவந்து அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். "பரவாயில்லம்மா, ஒண்ணும் குடி முழுகிடல. இப்படியே எடு. இந்தக் கோட்டை அப்புறம் கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷத்துல எடுத்துடலாம். சாய்ஞ்சதைக்கூட நிமிர்த்திடலாம்."

படக்காரி கோட்டைப் பார்த்தாள், பிறகு சாயும் வெளிச்சத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் மடிப்பக்காவுக்குத் தெரியும். சம்மதம் வெளியே வருவதற்கு முன்னால் இப்படித்தான் கொஞ்ச நேரம் கண்ணில் நிற்கும்.

"வெளிச்சம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

"ஒரு மணி நேரம். கொஞ்சம் கூட."

"அது போதும். சித்தி, எழுந்து வாங்க, இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணுங்க. சார், நீங்க சும்மாதானே நிக்கறீங்க? அந்தச் சால்வையை அவுத்துட்டு இந்தப் பக்கம் பிடிங்க. இழுக்காதீங்க. பிடிச்சா போதும்."

அவர் சால்வையை அவிழ்த்து முக்காலியில் போட்டுவிட்டு வந்து பிடித்தார். மடிப்பக்கா முறிந்த கோட்டின் மேல் பஞ்சால் கஞ்சியை ஒற்றினாள். பின்பக்கம் ஒரு நாப்கினை நீளமாகக் கிழித்து ஒட்டினாள். மேல் வளைவைத் தோளால் தாங்கிக்கொண்டு, சூடான பெட்டியை முன்னும் பின்னுமாக வைத்து வைத்து எடுத்தாள். ஆவி எழுந்தது. "வா... வா... வர மாட்டியா? வந்துட்ட." முக்கால் மணி நேரத்தில் கோடு மறைந்தது. முன்னாலிருந்து பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தோளை எடுத்ததும் அலை மறுபடி தாழ்ந்தது. ஒட்டு உள்ளே இன்னும் ஈரம். அது எடை தாங்க ஒரு ராத்திரி ஆகும்.

வெளிச்சம் முதல் ஜன்னலின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

"நான் பின்னால நின்னு பிடிச்சுக்கறேன்" என்றாள் மடிப்பக்கா. அப்படிச் சொல்லும்போதே அவளுக்குக் கசந்தது. தாங்கிப் பிடிக்க எதுவும் கூடாது என்று விதி போட்டவளே அவள்தான். ஆனால் சொல்லிவிட்டாள். அலைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி, வளைவின் மேல் விளிம்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். படக்காரி ஃபிலிமைக் கேமராவுக்குள் செருகினாள். செருகிவிட்டால் பின்னாலுள்ள கண்ணாடி மறைந்துவிடும், பிறகு எதையும் பார்க்க முடியாது. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினாள். சித்தி உலகத்தில் யாரையும் தெரியாதவர் போல டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு.

"முடிஞ்சுது" என்றாள் படக்காரி.

"டீ ஆறிப்போச்சு" என்றார் சித்தி.

இரண்டு நாள் கழித்துப் படம் கழுவி, பெரிதாகி, மாடிச் சுவரில் குத்தப்பட்டிருந்தது. படக்காரி, சால்வைக்காரர், மடிப்பக்கா மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். அலை பிரமாதமாக இருந்தது. சித்தியின் முகம் அதைவிடப் பிரமாதம். அலையின் மேல் விளிம்பில், நுரை தெறிக்கும் இடத்தில், நாலு விரல் நுனிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுதான்!" என்று கூவினாள் படக்காரி. "இதுதான் அக்கா படத்துலயே அழகு! அலைக்குக் கை முளைச்சிருக்கு பாருங்க! நான் நூறு வருஷம் யோசிச்சாலும் எனக்கு இது தோணாது!"

"விரல் கொஞ்சம் கண்ணை உறுத்துது" என்றார் சால்வைக்காரர். "நாலு விரல்தானே, அதைக் கம்ப்யூட்டர்ல..."

"முடியாது!"

"உறுத்துதும்மா."

"உறுத்தணும்!"

இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்க, மடிப்பக்கா படத்துக்கு மிக அருகில் போய், தன் விரல்களைத் தானே பார்த்தாள். வேலைக்காரி விரல்கள். நடுவிரல் நகத்தின் ஓரத்தில் கஞ்சி. படக்காரி சொல்வது அவளுக்குப் புரிந்தது. அவற்றை அங்கேயே விட்டுவிட்டால் ஜனம் வந்து நின்று பார்க்கும், பேசும். ஒருவேளை 'இது யார் கை?' என்றுகூடக் கேட்கும். முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

"தங்கச்சி, இது வேண்டாம்" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"அழிக்கவும் வேண்டாம், வெச்சுக்கவும் வேண்டாம். இது கெட்டுப்போன வேலை. தேய்ச்சுக் குடுத்த சட்டையில விரல் அடையாளம் இருந்தா அதை மேஜையிலேருந்தே திருப்பி அனுப்பிடுவேன் நான். இந்த அலை நிக்கல. நான் பிடிச்சிருக்கேன். மறுபடி எடுக்கலாம்."

"அக்கா, எனக்கு இது பிடிச்சிருக்கு. படம் என்னோடது."

"படம் உன்னோடது. துணி என்னோடது."

அந்த மாடியில் அதுவரை இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. அன்றைக்குப் போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். விபத்தில்தான் கலை இருக்கிறது என்றாள் படக்காரி. விபத்தில் விபத்துதான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுப் பார் என்றாள் மடிப்பக்கா. பிடிவாதம் என்றாள் இவள். ஆமாம், அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தானே ஏப்ரன் முன்னால் வாயைப் பிளந்தாய் என்றாள் அவள். சால்வைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழாம்மா. சுவர் காலியா இருக்கும்" என்று இடையில் புகுந்தார்.

"இருக்கட்டும்" என்று மடிப்பக்காவே பதில் சொன்னாள். "காலிச் சுவரைப் பார்த்து ஜனம் ஒண்ணும் பயந்துடாது. ஒரு வாரம் தள்ளி மாட்டுங்க. கம்ப்யூட்டர்ல பண்ணினா சீக்கிரம் முடியும்னு சொல்றீங்கல்ல சார்? முடியும். ஆனா அங்க எதுவும் விழாது. விழக்கூடிய ஒண்ணு விழாம நிக்கறதைப் பார்க்கத்தானே ஜனம் வருது?"

படக்காரி ஒரு கண்ணை மூடினாள். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினாள். "ஃபிலிம் இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதுக்கப்புறம் இந்தக் கேமராவுக்கு எங்கயும் கிடைக்காது" என்றாள்.

"ஒண்ணு போதும்."

அடுத்த நாலு நாளும் மடிப்பக்கா வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள், நிறையச் சாப்பிட்டாள். இந்த முறை அலையின் அடிப்பகுதிக்கு மூன்று மடிப்புத் துணி வைத்தாள். முன்பு சுருக்கம் விழுந்த இடத்தில் துணியின் இழை குறுக்காக ஓடியிருந்தது. அதுதான் முறிந்ததற்கும் காரணம் என்று கண்டுபிடித்து, விரிப்பைத் திருப்பிப் போட்டாள். மூன்று பூச்சுக்குப் பதில் நாலு. வீட்டில் கணவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "இதுக்கும் ஏதாவது பிரேக் கட்டை இருக்கான்னு கேளு. லிஃப்ட்டுல உண்டு" என்றார்.

"இருக்கு" என்றாள் அவள். "அதைத்தான் இந்தத் தடவை செய்யப்போறேன்."

படம் எடுக்கிற நாள். வெயில் முதல் ஜன்னலுக்கு வந்தது. சித்தி உட்கார்ந்தார். தலையணை, வாளி, நாற்காலி மூன்றையும் உருவியாயிற்று. சால்வைக்காரர் இந்த முறையும் முக்காலியில். மடிப்பக்கா விளிம்பைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், அடிப்பகுதியைப் பார்த்தாள். எல்லாம் சரி, ஆனால் சித்தியின் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கை புறப்பட்டது. பாதி வழியில் அதை வலது கையால் பிடித்து நிறுத்தினாள்.

"சித்தி, உங்க காலரை நீங்களே சரி பண்ணிக்குங்க. நான் வெளியே இருக்கேன்."

"வெளியேயா? அக்கா, இருந்து பாருங்களேன்" என்றாள் படக்காரி கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

"நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு. அது நிக்கும். இந்தக் கை உள்ள இருந்தாத்தான் நிக்காது."

கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டாள். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். உள்ளே படக்காரி எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. மடிப்பக்காவுக்குப் படபடப்பு வரும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. துணியை அவளுக்குத் தெரியும். ஆறு. ஏழு. எட்டு.

பிறகு சித்தியின் குரல்: "இப்ப பேசலாமா? ரொம்ப நேரமா ஒண்ணு சொல்லணும்னு..."

மடிப்பக்கா கதவைத் திறந்தாள். படக்காரி கேமராவின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தாள். கண்கள் இரண்டும் திறந்திருந்தன. சிரித்தாள். மேஜையின் மேல் அலை நின்றுகொண்டிருந்தது. எட்டு நொடி கடந்து, ஒரு நிமிஷம் கடந்து, வெளிச்சம் இரண்டாவது ஜன்னலுக்குப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தது.

சால்வைக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து அலையின் பின்பக்கம் போனார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். எழுந்து வளைவுக்கு மேலே கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடினார். மறுபடியும் குனிந்தார்.

"தேடுங்க சார், நல்லா தேடுங்க" என்றாள் மடிப்பக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "துணியை மட்டும் தொட்டுடாதீங்க."